மதுரையில் ஒரு நாள் டிரைவரோடு வாடகைக் கார்: எங்கே பயன், எங்கே தண்டம்

மதுரையைச் சுற்றிப் பார்க்க டிரைவரோடு ஒரு நாள் கார் எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம். ஆனால் மீனாட்சியம்மன் கோயிலுக்காக எடுக்க வேண்டாம். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளுக்குள் கார் போகாது. அதற்கு வெளியே இருக்கும் ஆவணி மூல வீதியிலும் மாசி வீதியிலும் ஒருவழிப் பாதை, கடைக்கு வந்த சரக்கு வண்டி, நடுவில் மாடு என்று நடந்து போகிறவர்தான் முன்னால் போவார். கார் தன் வாடகையைச் சம்பாதிப்பது ஊர் நெரிசலைத் தாண்டிய பிறகுதான். அழகர்கோவில், யானைமலை, கீழடி, திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர் மலை ஆகிய இடங்களைப் பேருந்திலோ ஆட்டோவிலோ ஒரே நாளில் கோக்க முடியாது. இந்த ஒரு பிரிவினையைப் புரிந்துகொண்டு வண்டி பிடித்தவர் திருப்தியாகத் திரும்புவார். புரியாமல் விடிகாலை 5 மணிக்கே வண்டியை வரச் சொன்னவர், அது கோயில் பக்கம் மூன்று மணி நேரம் சும்மா நின்றதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பார்.

மதுரையில் இந்தச் சேவை நான்கு வழியில் கிடைக்கிறது: டிராவல்ஸ் அலுவலகம், தங்கும் விடுதியின் வரவேற்பு மேசை, போன் செயலியில் மணிக்கணக்கு வாடகை, நேரடியாக ஒரு டிரைவர். விடுதி மூலம் எடுத்தால் வண்டி தவறாமல் வரும், ஆனால் விடுதியின் பங்கும் வாடகையில் ஏறியிருக்கும். செயலியில் வாடகை முன்னாலேயே தெரிந்துவிடும். ஆனால் கீழடி, அழகர்கோவில் என்று ஊருக்கு வெளியே சொன்னதும் பல டிரைவர்கள் தயங்குவார்கள், திரும்பி வர சவாரி கிடைக்காது என்பது அவர்கள் கவலை. நேரடி டிரைவர் நல்லவராக அமைந்தால் அவரைப் போல வேறு யாரும் இல்லை. ஆனால் அன்று காலை அவர் வண்டி பழுதானால் மாற்று வண்டி அனுப்ப ஆள் இல்லை. முதல் முறை வருகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெரியவர்களையோ குழந்தைகளையோ அழைத்து வருகிறவர்களுக்கு, நாலைந்து வண்டியாவது சொந்தமாக வைத்திருக்கும் டிராவல்ஸையே பரிந்துரைக்கலாம்.

எந்த வழியில் எடுத்தாலும் வண்டி மஞ்சள் நம்பர் பலகையோடு வர வேண்டும். டி போர்டு, அதாவது வாடகைக்குப் பதிவான வண்டி, என்று பேசி முடித்துவிட்டு, காலையில் வெள்ளைப் பலகை போட்ட ஓன் போர்டு வண்டியை அனுப்புவது உண்டு. வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கும், வண்டியும் புதிதாக இருக்கும். ஆனால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். வழியில் சோதனை நடந்தால் நடுரோட்டில் நிற்கப்போவதும் நீங்கள்தான். முதல் நாள் மாலையே வண்டி நம்பரையும் டிரைவர் பெயரையும் அனுப்பச் சொல்லுங்கள். காலையில் வேறு நம்பர் வந்தால் ஏறுவதற்கு முன் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வாடகைக் கணக்கு

பெரும்பாலான மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. உள்ளூர் பேக்கேஜ் என்றால் 8 மணி நேரம் 80 கிலோமீட்டர், அல்லது 10 மணி நேரம் 100 கிலோமீட்டர். வெளியூர் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று வைத்து, அதற்குக் கீழே ஓடினாலும் 250க்கே கணக்குப் போட்டு, மேலே டிரைவர் பேட்டா சேர்ப்பார்கள். நள்ளிரவு தாண்டினால் இன்னொரு நாள் கணக்கு. கீழடி சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான் என்றாலும், மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டது என்று சொல்லி மொத்த நாளையும் வெளியூர்க் கணக்குக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசும்போதே "கீழடி சேர்த்துத்தான் லோக்கல் பேக்கேஜ்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க, வெறும் உதாரணத்துக்கு, கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 500 என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க் கணக்கில் 250ஐ 14ஆல் பெருக்கினால் 3,500, பேட்டாவோடு 4,000. அதே நாளை 8 மணி 80 கிலோமீட்டர் பேக்கேஜில் 2,400 என்று பேசி, ஓடியது 96 கிலோமீட்டர், ஆனது ஒன்பதே முக்கால் மணி நேரம் என்றால், கூடுதல் 16 கிலோமீட்டருக்கு 224. கூடுதல் நேரத்தை முழு மணியாக ஏற்றி இரண்டு மணிக்கு, மணிக்கு 200 வீதம், 400. ஆக 3,024. எண்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கணக்கு இப்படித்தான் ஓடும். கிலோமீட்டர், நேரம் இரண்டில் எது மீறினாலும் தனித்தனியாகக் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்தது ஷெட் டு ஷெட். மீட்டர் ஓடத் தொடங்குவது உங்கள் விடுதி வாசலில் அல்ல, வண்டி நிற்கும் இடத்திலிருந்து. திரும்பி அங்கே போய் நிற்கும்வரை உங்கள் கணக்கு. வண்டி ஒத்தக்கடையில் நிற்கிறது, நீங்கள் தங்கியிருப்பது ரயில் நிலையம் பக்கம் மேல வெளி வீதியில் என்றால், போகவர மட்டுமே 20 கிலோமீட்டருக்கு மேல் கரையும், நேரத்திலும் ஒரு மணிக்கு மேல் போய்விடும். அதனால் வண்டி எடுக்கும்போது "ஷெட் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஏசி வண்டியா என்பதெல்லாம் அப்புறம். ஏறியதும் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் கிலோமீட்டரும் நேரமும் குறிக்கும் டிரிப் ஷீட்டில் எழுதிய ஷெட் கிலோமீட்டரோடு அதை ஒப்பிட்டால், வரும்போது எவ்வளவு ஓடியது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சுங்கம், பார்க்கிங் தனி. ரிங் ரோட்டில் போனால் சுங்கச்சாவடி வரும். ஃபாஸ்டேக்கில் பிடித்த தொகை டிரைவர் அல்லது முதலாளியின் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும், அதைக் காட்டச் சொன்னால் வாக்குவாதமே வராது.

எந்த வண்டி

நான்கு பேர் வரை டிசையர் மாதிரி சின்ன செடான் போதும். ஆனால் ரயிலிலிருந்து இறங்கி நேராகப் பெட்டிகளோடு சுற்றப் போகிறீர்கள் என்றால் வண்டி சிஎன்ஜியில் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். சிலிண்டர் டிக்கியில் பாதியைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு பெரிய பெட்டி வைத்தால் மூடாது. மேலே கேரியர் இருந்தால் பிழைத்தீர்கள். ஐந்தாறு பேருக்கு எர்டிகா ஓரளவு சரி. ஏழு பேருக்கு இன்னோவா. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மூன்றாவது வரிசைக்கு அனுப்பாதீர்கள். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும், மதியத்துக்குள் அலுத்துவிடுவார்கள். பன்னிரண்டு பேர் என்று டெம்போ டிராவலர் எடுத்தால் யானைமலை அடிவாரத்து நரசிங்கம் ஊருக்குள்ளும் திருப்பரங்குன்றம் சன்னதித் தெரு பக்கமும் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டிவரும். இரண்டு இன்னோவா பல நேரம் அதைவிட நல்லது.

பின் இருக்கை பெல்ட்டை ஏறிய உடனே இழுத்துப் பாருங்கள். வாடகை வண்டிகளில் சீட் கவர் போடும்போது பெல்ட் மாட்டும் கொக்கியை உள்ளே புதைத்துவிடுவார்கள். கிளம்பும் முன் சொன்னால் டிரைவர் இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்துக் கொடுப்பார், நாலுவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது முடியாது.

கோயிலும் போனும்

2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை வந்தது. வாசலில் போனை ஒப்படைத்து டோக்கன் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். டிரைவரோடு போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நான்கு திசையிலும் கோபுர வாசல் இருப்பதால், கிழக்கே நுழைந்து, சுற்றி வந்து, களைப்பில் தெற்கே வெளியேறிவிட்டால் போன் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், கார் வேறு எங்கோ. வெயிலில் சூடேறிய கல்லில் வெறுங்காலோடு சித்திரை வீதியைப் பாதி சுற்ற வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, நுழைந்த வாசலிலேயே வெளியே வருவது என்று குடும்பமாக முன்பே முடிவு செய்வது. போன்களைக் காரிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டால் டிரைவரைக் கூப்பிட முடியாது. வண்டி நம்பரையும் டிரைவர் நம்பரையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பிரிவதற்கு முன் "அண்ணே, வண்டி எந்தப் பக்கம் நிக்கும்? ஒன்பது மணிக்கு அதே இடத்துல வந்துடுறோம்" என்று நேரத்தையும் இடத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கே வண்டியை விட்டால் வடக்குக் கோபுரம் பக்கம். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, கேட்காமலே அங்கே நிறுத்துகிற டிரைவர் மதுரையை அறிந்தவர். "இங்க நிறுத்த முடியாது சார், போன் பண்ணுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் போய்விடுகிறவரோடு ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போகும்.

உண்மையில் இதெல்லாம் காரோடு போனால்தான். கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் தங்கியிருந்தால், விடிகாலை நடந்தே போய் வாருங்கள். நடை திறப்பது 5 மணி வாக்கில். 6 மணிக்கு உள்ளே இருந்தால் பொற்றாமரைக் குளத்துப் படியில் நிம்மதியாக உட்காரலாம். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளபடி 985 தூண்கள், 1569இல் அரியநாத முதலியார் கட்டுவித்தது. அதற்கே தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். காரை அதற்குப் பிறகு வரச் சொன்னால் போதும்.

கோயில் விட்டு வெளியே வரும்போது கடைக்காரர்கள் "மொட்டை மாடியிலேர்ந்து கோபுரம் எல்லாம் தெரியும், வந்து பாருங்க" என்று அழைப்பார்கள். காட்சி நன்றாகத்தான் இருக்கும். இறங்கி வரும் வழி மட்டும் கைவினைப் பொருள் கடைக்குள் போகும். டிரைவரே ஒரு குறிப்பிட்ட கடைக்குப் போகலாம் என்று இரண்டாம் முறை சொன்னால், அங்கே அவருக்குப் பங்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "கடைக்குப் போகிற திட்டம் இல்லை" என்று காலையிலேயே மரியாதையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். சுங்குடிச் சேலை வாங்க வேண்டுமென்றால் சாயங்காலம் நீங்களாக நடந்து போய் நாலு கடை பார்த்து வாங்குங்கள்.

டிரைவர் வழிகாட்டி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலைகளை விளக்க அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் கோயில் பக்கம் கிடைப்பார்கள். டிரைவரிடம் எதிர்பார்க்க வேண்டியது எந்தக் கோயில் எத்தனை மணிக்குச் சாத்தும், எந்தத் தெரு இன்று அடைப்பு, எந்த இடத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்ற மூன்றும்தான். அதைத் தெரிந்தவருக்குக் கூடக் கொடுத்தாலும் தகும்.

பகல் 12:30 முதல் 4 வரை

மதுரைச் சுற்றுலாவை ஆட்டிவைப்பது இந்த மூன்றரை மணி நேரம். மீனாட்சியம்மன் கோயில் 12:30 வாக்கில் சாத்தி மாலை 4க்குத் திறக்கும். அழகர்கோவிலும் திருப்பரங்குன்றமும் கொஞ்சம் முன்பின்னாக அதே மாதிரிதான். காந்தி அருங்காட்சியகத்துக்கும் 1 முதல் 2 வரை மதிய இடைவேளை. இந்த நேரத்துக்கு வேலை வைக்காத திட்டம் எல்லாம், சாத்திய கதவுக்கு முன்னால் ஏசி போட்ட காரில் உட்கார்ந்து வாடகை எண்ணுவதில்தான் முடியும்.

பகலுக்குப் பொருத்தமானது கீழடி. கொந்தகை சாலையில் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மதியத்திலும் திறந்திருக்கிறது, வெயிலுக்கு ஒதுங்கவும் ஆச்சு, நிதானமாகப் பார்க்கவும் ஆச்சு. கீறல் குறியீடுகள் உள்ள பானை ஓடுகள், ஆதன் போன்ற பெயர்களைத் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் தாங்கிய ஓடுகள், பகடைக்காய், தக்களி, தங்க அணிகலன்கள் என்று ஒவ்வொரு அரங்கமாகப் போனால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். கிடைத்த பொருளின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580 வரை போகிறது. அகழாய்வுக் குழிகளை வைத்திருக்கும் இடம் தனி. கட்டடத்திலிருந்து வண்டியில் போக வேண்டும், டிரைவரிடம் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் அருங்காட்சியகத்தோடு முடிந்தது என்று வண்டியைத் திருப்பிவிடுவார். வார விடுமுறை நாள் உண்டு, முதல் நாளே விசாரிப்பது நல்லது. சாப்பாட்டை மதுரைக்குள்ளேயோ வழியிலேயோ முடித்துவிட்டுப் போங்கள்.

திருமலை நாயக்கர் மகாலும் இடைவேளைக்கு உதவும். ஆனால் அது தெற்கு நகரத்தின் நெரிசலுக்குள் இருக்கிறது. கோயிலிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆட்டோ போதும். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று மிச்சம் இருப்பது கால் பங்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெயர்த்து எடுத்தது போக மீந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். முழு அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குள் போய்ப் பாருங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே அந்தப் பழைய கட்டடத்தின் பத்துத் தூண்கள் தனியாக நிற்கும். கார் இந்தச் சந்துக்குள் வராது, டிரைவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அங்கேயே ஜிகர்தண்டாவும் கிடைக்கும்.

இந்த வட்டாரத்தில் தெருக்கள் ஏன் காருக்கு ஒத்துவரவில்லை என்பதற்குப் பதில் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சுவாமி உலாவுக்கும் தேருக்குமாக வகுத்த வீதிகள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியை நிரவியபோதுதான் வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. வெளி வீதிக்கு உள்ளே நடை, வெளியே கார் என்று வைத்துக்கொண்டால் பிசகாது.

எப்படி வரிசைப்படுத்துவது

8 மணி 80 கிலோமீட்டருக்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்காதீர்கள். மேல வெளி வீதியிலிருந்து அழகர்கோவில் 22 கிலோமீட்டர். அங்கிருந்து மூன்றுமாவடி, உத்தங்குடி வழியாக ரிங் ரோடு பிடித்துக் கீழடி போக முப்பதுக்கு மேல். கீழடியிலிருந்து வண்டியூர் தெப்பக்குளம் 10, அங்கிருந்து திருப்பரங்குன்றம் 11, திரும்பி விடுதிக்கு 8. கூட்டினால் 80ஐத் தாண்டிவிட்டது, ஷெட் கிலோமீட்டர் இன்னும் சேரவில்லை. அதனால் 10 மணி 100 கிலோமீட்டர் பேக்கேஜே நியாயமானது. இதில் சமணர் மலையும் யானைமலையும் வராது.

ஒழுங்காக ஓடும் நாள் இப்படி இருக்கும். விடிகாலை நடந்து கோயில், காலை உணவு, 9 மணிக்கு மகால் திறந்ததும் ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு, 10 மணிக்குக் கார். நேராக அழகர்கோவில். கோரிப்பாளையம், தல்லாகுளம் நெரிசலைத் தாண்ட அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதி, உள்ளே பெருமாள், வெளியே வந்தால் பிரசாதக் கடையில் தோசை. இந்தத் தோசையைச் சாப்பிடாமல் வராதீர்கள், வேறெங்கும் அந்த மணம் இல்லை. குரங்குகள் ஏராளம். கார்க் கண்ணாடியை ஏற்றி வைக்க டிரைவரிடம் சொல்லுங்கள், தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். மலைமேல் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் ஆசைப்பட்டால் அதற்கே ஒன்றரை மணி நேரம். அன்றைக்குக் கீழடியை விட்டுவிட வேண்டியதுதான்.

பிறகு சாப்பாடு, கீழடி, 4 மணிக்கு மேல் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்று சொல்லப்படும் இந்தக் குளம் 1645இல் கட்டியது. நடு மண்டபத்தைச் சுற்றிச் சாயங்கால வெயில் சாயும்போது அழகு. அரை மணி நேரம் போதும். 5 மணிக்குத் திருப்பரங்குன்றம். முகூர்த்த நாளாக இருந்தால் இந்த வரிசையையே மாற்றுங்கள். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் அன்று அங்கே கல்யாணக் கூட்டம் தாங்காது, சன்னதித் தெருவில் வண்டி நகராது.

காந்தி அருங்காட்சியகம் அழகர்கோவில் போகும் வழியிலேயே, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. 1959இல் திறந்தது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியின் பகுதி இங்கே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22இல் அவர் முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது இதே ஊரில், மேல மாசி வீதியில். இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் 10 மணிக்கு இங்கே தொடங்கி, அழகர்கோவிலில் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கல்வெட்டிலும் சமணத் தடயங்களிலும் ஆர்வம் உள்ளவர்கள் இரண்டாம் நாள் ஒன்று ஒதுக்கி அரை நாள் பேக்கேஜ் எடுக்க வேண்டும். காலை 7 மணிக்கே கீழக்குயில்குடி. தாமரைக் குளத்துக்கும் அய்யனார் கோயிலுக்கும் பக்கத்திலிருந்து பாறையில் வெட்டிய படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக, அவற்றின் கீழே வட்டெழுத்து. செட்டிப்புடவு என்ற சமணக் குகை இதே மலையின் இன்னொரு பக்கம் இருக்கிறது, அங்கே வண்டியில் சுற்றிப் போக வேண்டும். இது டிரைவருக்குத் தெரிகிறதா என்று முன்பே கேளுங்கள். மதுரை டிரைவர்களிலேயே பலர் சமணர் மலை என்றால் தாமரைக் குளத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிறகு யானைமலை. ஒத்தக்கடையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கப் பெருமாள் குடைவரை, கி.பி. 770ஆம் ஆண்டின் கல்வெட்டோடு. பக்கத்திலேயே லாடன் கோயில், முருகனுக்கான சின்னக் குடைவரை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பூட்டியிருந்தால் காவலரை விசாரிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும், காரில் விட்டுவிட்டு ஏறாதீர்கள்.

டிரைவர் விஷயத்தில்

முந்தைய இரவு அவர் எங்கே ஓட்டினார் என்று கேட்பதில் தவறில்லை. ராமேஸ்வரமோ கொடைக்கானலோ போய் இரவு 2 மணிக்கு ஷெட்டுக்கு வந்தவரைக் காலை 6 மணிக்கு உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். கண் சிவந்து, அடிக்கடி டீக்கு நிறுத்துகிறார் என்றால் டிராவல்ஸுக்குப் போன் செய்து ஆள் மாற்றச் சொல்லுங்கள். இது அவரைக் குறை சொல்வது அல்ல, அவரையும் சேர்த்துக் காப்பாற்றுவது. மதியம் சாப்பிட அவருக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். நீங்கள் சாப்பிடும் நேரமே அவருக்கும் என்று வைத்தால் தனியாக நேரம் போகாது.

சேவை முடியும்போது டிரிப் ஷீட்டில் தொடக்கம், முடிவு கிலோமீட்டரை நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நிரப்பாத தாளில் போடாதீர்கள். பணத்தை டிரைவரிடம் கொடுப்பதா, நிறுவனத்துக்கு அனுப்புவதா என்று முன்பே பேசியிருந்தால் இரண்டு முறை கேட்கும் தொல்லை இல்லை. பேட்டா வாடகையில் சேர்ந்ததா தனியா என்பதும் அப்போதே முடிய வேண்டும். இரவு பள்ளியறை பூசைக்கு மீண்டும் கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே வண்டியை விட்டுவிடுங்கள். 9 மணிக்கு மேல் அங்கே காத்திருக்க வைத்தால் கூடுதல் மணிக்கணக்குத்தான் ஏறும், பூசை முடிந்து விடுதிக்கு ஆட்டோ எளிதாகக் கிடைக்கும்.

எந்த நல்ல டிரைவராலும் காப்பாற்ற முடியாத நாட்கள் சில உண்டு. சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடும் நாளில் மாசி வீதிகள் அடைப்பு. அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலிருந்து அவர் ஆற்றில் இறங்கும்வரை தல்லாகுளம், கோரிப்பாளையம், ஏ.வி. பாலம் எதிலும் கார் நுழையாது. தைப்பூசத் தெப்பத்தன்று தெப்பக்குளம் பக்கம் போகவே முடியாது. பொங்கல் அன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, விமான நிலையச் சாலையில் மாற்றுவழி. அடுத்த இரண்டு நாளும் பாலமேடு, அலங்காநல்லூர். திருவிழாவைப் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களுக்கு வண்டி பேசாமல், கோயில் பக்கம் அறை எடுத்து நடந்தே பாருங்கள். கீழடிக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் திருவிழா முடிந்த மறுநாளைக்கு வண்டி சொல்லிக்கொள்ளலாம்.